ஹிஸ்டோனின் வாலும் வடசென்னையின் காற்றும்

(திருவொற்றியூரில் தொழிலாளர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் யாரிடம் நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, இது ரத்தத்துலயே ஊறினது" என்பார் ஒருவர். "எல்லாம் இந்தப் புகையால வந்தது" என்பார் இன்னொருவர். முதலாமவர் பழியைப் பரம்பரை மேல் போடுகிறார், இரண்டாமவர் ஊர் மேல் போடுகிறார். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் புகை எப்படி மரபணுவைப் போய்ச் சேர்கிறது? சேர்ந்து அங்கே என்ன செய்கிறது? செய்ததைத் திருத்த வழி உண்டா? இந்தக் கேள்விகளுக்குக் கடந்த அரை நூற்றாண்டில் உயிரியல் கண்டுபிடித்த விடைகளை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை, புகையிலை, உலோகத் தூசி, தாயின் உணவுக் குறைவு ஆகியவை மரபணுவின் எழுத்தைத் தொடாமலே அது வேலை செய்யும் விதத்தை மாற்ற வல்லவை. அந்த மாற்றத்தை அளக்க முடியும். அதில் ஒரு பகுதியை மீட்கவும் முடியும். அளக்கக்கூடியதை, மீட்கக்கூடியதை விதி என்று சொல்லி விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

மடித்து வைத்த இழை

நம் உடம்பில் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இரண்டு மீட்டர் நீளமுள்ள டிஎன்ஏ இருக்கிறது. அதை அடக்கி வைத்திருக்கும் உட்கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. பல செல்களில் அதைவிடவும் குறைவு. ஆள் உயரத்தைத் தாண்டும் இழை அவ்வளவு சிறிய இடத்தில் அடங்குவதற்குக் காரணம் ஹிஸ்டோன் என்ற புரதங்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருண்டையாக நிற்கும். அதை டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சுற்றில் 147 எழுத்து இணைகள் அடங்கும். இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் இதை முன்மொழிந்தார். 1997-இல் சூரிக் நகரில் கரோலின் லூகர், டிமதி ரிச்மண்ட் குழுவினர் இதன் நுண்ணிய படத்தை வெளியிட்டார்கள். டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த மொத்தக் கட்டுமானத்தைக் குரோமாட்டின் என்கிறோம்.

காசிமேட்டில் கடலுக்குப் போகும் முன் வலையைப் படகில் மடித்து அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு மீதி எளிதில் புரியும். முழு வலையும் படகில்தான் இருக்கிறது. ஆனாலும் பிரித்துக் கடலில் இறக்கிய பகுதி மட்டுமே மீன் பிடிக்கும். மடிப்பில் கிடப்பது எவ்வளவு நல்ல வலையானாலும் அன்றைக்கு அதற்கு வேலை இல்லை. கணையத்தின் செல்லிலும் கண்ணின் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலின் மரபணு பிரிந்து கிடக்கிறது, கண்ணில் அதே மரபணு மடிந்து கிடக்கிறது. ஒரு செல் கண்ணாவதும் கணையமாவதும் இந்த மடிப்பால்தான். அந்த மடிப்பு தவறினால் நோய் வரும்.

எதைப் பிரிப்பது, எதை மடிப்பது என்று சொல்வது சின்னச் சின்ன வேதிக் குறிகள். ஹிஸ்டோன் உருண்டையிலிருந்து வால் போன்ற நுனிகள் வெளியே நீண்டிருக்கும். அந்த வாலில் லைசின் என்ற அமினோ அமிலம் பல இடங்களில் வரும். லைசினுக்கு நேர்மின்னூட்டம், டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். அதனால் இரண்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். லைசின் மேல் ஓர் அசெட்டைல் குழு ஒட்டினால் அந்த மின்னூட்டம் அடங்கிவிடும், பிடி தளரும், மரபணுவைப் படிக்கும் புரதங்கள் உள்ளே நுழைய இடம் கிடைக்கும். மெத்தில் குழு ஒட்டினால், எந்த லைசினில் ஒட்டியது என்பதைப் பொறுத்து மரபணு திறக்கவும் கூடும், மூடவும் கூடும். டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தின் மேலேயே மெத்தில் ஒட்டுவதும் உண்டு. மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது குவிந்தால் பெரும்பாலும் மரபணு அடங்கிப்போகும். எழுத்து மாறாமல் இத்தகைய குறிகளால் மரபணுவின் செயல் மாறுவதை ஆராயும் துறைக்குத்தான் எபிஜெனெடிக்ஸ் என்று பெயர்.

ஹிஸ்டோன் மேல் ஒட்டும் அசெட்டைலுக்கும் மரபணுவின் செயலுக்கும் தொடர்பு இருக்கும் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964-லேயே எழுதினார். பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெட்ராஹைமினா என்ற நன்னீர் ஒற்றைச்செல் உயிரியிலிருந்து, அசெட்டைலை ஒட்டும் நொதியை டேவிட் அலிஸ் குழு பிரித்தெடுத்தது 1996-இல். ஈஸ்ட்டில் மரபணுவை முடுக்கிவிடும் என்று முன்பே தெரிந்திருந்த ஒரு புரதமும் அந்த நொதியும் ஒரே குடும்பம் என்று அப்போது தெரியவந்தது. இடையில் ஓடியது 32 ஆண்டு. அதன் பிறகு இந்தத் துறை நிற்கவில்லை.

முந்திரித் தோட்டிலிருந்து ஒரு மருந்து வழி

இந்தியாவில் குரோமாட்டினையும் நோயையும் சேர்த்து ஆராய்ந்தவர்களில் முன்னணியில் இருப்பவர் தபஸ் குண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.எஸ். ராவிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ரோடரின் ஆய்வகத்தில் பணியாற்றிவிட்டு, பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் தமக்கென ஓர் ஆய்வகத்தை அமைத்தார். 2005-இல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது.

அவர் ஆய்வகம் பிடித்துக்கொண்ட நொதியின் பெயர் பி300. ஹிஸ்டோன் வாலில் அசெட்டைல் ஒட்டும் நொதிகளில் இது முக்கியமானது. இது அளவோடு வேலை செய்தால் செல் நலமாக இருக்கும், அளவு மீறினால் அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்களும் விழித்துக்கொள்ளும். இதைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகளைத் தேடியபோது அவர்கள் போய் நின்ற இடம் நம் தோட்டங்களும் சமையலறையும். 2003-இல் முந்திரிக்கொட்டையின் தோட்டு எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலம் பி300-ஐத் தடுப்பதாக வெளியிட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குகிறதே, அந்த எண்ணெயில் இருப்பதுதான் அது. 2004-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கோகம் பழத்தில் உள்ள கார்சினாலும், மஞ்சளில் உள்ள குர்குமினும் அதே வேலையைச் செய்வதாகக் காட்டினார்கள்.

"அப்படியானால் தினமும் ஒரு கரண்டி மஞ்சள் தின்றால் புற்றுநோய் போய்விடுமா?" என்று உடனே கேட்கத் தோன்றும். போகாது. குர்குமின் தண்ணீரில் கரையாது, குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம், போனதும் விரைவில் சிதைந்துவிடும். சோதனைக்குழாயில் நொதியைத் தடுக்கும் அளவு, சாப்பாட்டின் வழியாகச் செல்லுக்குக் கிடைப்பதில்லை. மஞ்சளைக் காட்டி மருந்து விற்பவர்கள் இந்த ஓர் உண்மையை மறைத்துத்தான் விற்கிறார்கள். பெங்களூரு ஆய்வகம் செய்தது வேறு. குர்குமினின் அமைப்பை மாற்றி, தண்ணீரில் கரையும் புதிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் சிடிகே7ஏ.

கன்னத்தில் அடக்கிய பொட்டலம்

அந்த மூலக்கூறை அவர்கள் சோதித்துப் பார்த்த நோய் வாய்ப்புற்று. வடசென்னைக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லாரியில் சரக்கு ஏற்றி இறக்குபவர், இரவு முழுதும் கண்விழித்துக் கிரேன் ஓட்டுபவர், விடியற்காலை ஏலத்துக்கு முன்பே மீன்கூடை தூக்குபவர் எனப் பலர் கன்னத்தில் மாவா, ஹான்ஸ் போன்ற புகையிலைப் பொட்டலத்தை அடக்கிக்கொண்டுதான் பொழுதை ஓட்டுகிறார்கள். பசியைத் தள்ளிப்போட, தூக்கத்தை விரட்ட அவர்களுக்குக் கிடைத்த மலிவான துணை அது. 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் தடைசெய்யப்பட்டன. தடை காகிதத்தில் இருக்கிறது, பொட்டலம் சட்டைப்பையில் இருக்கிறது.

அந்தப் பொட்டலம் கன்னத்தின் உட்தோலில் ஆண்டுக்கணக்கில் உரசும்போது என்ன ஆகிறது? 2010-இல் குண்டுவின் குழு வாய்ப்புற்று நோயாளிகளின் திசுக்களை எடுத்துப் பார்த்தது. கட்டித் திசுவில் ஹிஸ்டோன்கள் மேல் அசெட்டைல் குறிகள் அளவுக்கு மீறி ஏறியிருந்தன. பி300 மிகையாக இயங்கிக்கொண்டிருந்தது. தொடர் அழற்சியில் செல்லுக்குள் பெருகும் நைட்ரிக் ஆக்சைடு, வேறு இரண்டு புரதங்களின் வழியாக பி300-ஐ முடுக்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். உரசல், அழற்சி, நைட்ரிக் ஆக்சைடு, பி300, தளர்ந்த குரோமாட்டின் என்று இந்தச் சங்கிலி கண்ணி கண்ணியாக நீள்கிறது. எலிகளில் வளர்த்த வாய்ப்புற்றுக் கட்டிகளுக்குச் சிடிகே7ஏ கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி வெகுவாகக் குறைந்தது. எலியில் நடந்தது மனிதரில் நடக்க இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் நோய் எந்தக் கண்ணியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், வெட்டுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

இந்தக் குறிகளைக் குறிவைக்கும் மருந்துகள் கனவாக மட்டும் நிற்கவில்லை. டிஎன்ஏ மேல் மெத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் அசாசைட்டிடினுக்கு அமெரிக்காவில் 2004-இல் அனுமதி கிடைத்தது. எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்கு இன்று இந்திய நிறுவனங்களும் அதைத் தயாரிக்கின்றன. அசெட்டைல் குறியை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலில் வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுக்கு 2006-இல் அனுமதி பெற்றது.

குண்டுவின் ஆய்வகம் எதிர்த்திசையிலும் நடந்தது. பி300-ஐத் தூண்டும் மூலக்கூறு ஒன்றை, குளுக்கோஸிலிருந்து செய்த நுண்ணிய கரிக்கோளங்களில் ஏற்றி எலியின் மூளைக்குள் செலுத்தினார்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2013-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், எலிகளின் நினைவு நீடித்தது. 2022-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று, தண்டுவடம் அடிபட்டு 12 வாரம் கழிந்த எலிகளுக்கு இதே மூலக்கூறைக் கொடுத்தபோது அறுந்த நரம்பு இழைகள் மறுபடி துளிர்த்தன. ஆனால் எலிகள் நடந்துவிடவில்லை. இழை துளிர்த்ததையும் நடை திரும்பாததையும் ஒரே கட்டுரையில் எழுதினார்கள். அறிவியலை நம்பலாம் என்று நான் சொல்வது இந்த நேர்மையை வைத்துத்தான்.

எஃகு ஆலையில் மூன்று நாள்

இப்போது புகைக்கு வருவோம். இந்தப் பகுதியின் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1940களின் இறுதியில் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை, 1950களில் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம். அது 2017-இல் மூடப்பட்டாலும், அதற்கு முன்பே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பெரிய நிலையங்கள் எழுந்துவிட்டன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடி அமோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டு, மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். ஓடிய அந்த இரவு செய்தியாயிற்று. ஓட வேண்டாத மற்ற இரவுகளில் மூச்சோடு உள்ளே போவதும் உடம்பில் கணக்கில் ஏறுகிறது.

அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது? இத்தாலியின் வடக்கே பிரெஷா என்ற எஃகு ஊரில் 63 ஆலைத் தொழிலாளர்களிடம் பார்த்தார்கள். வாரத்தின் முதல் வேலைநாளில் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள், மூன்று நாள் வேலைக்குப் பின் மறுமுறை எடுத்தார்கள். 2009-இல் வந்த முடிவு இதுதான்: அழற்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில், அந்த மூன்று நாளிலேயே மெத்தில் குறி குறைந்திருந்தது. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்கான மரபணு அது. சற்றுமுன் வாய்ப்புற்றில் பி300-ஐ முடுக்குவதாகச் சொன்னேனே, அதே நைட்ரிக் ஆக்சைடு. 2011-இல் அதே தொழிலாளர்களின் ஹிஸ்டோன்களைப் பார்த்தபோது, ஆலையில் வேலை செய்த ஆண்டுகள் கூடக் கூட, மரபணுக்களைத் திறக்கும் இரண்டு ஹிஸ்டோன் குறிகளும் கூடியிருந்தன. ஒரு தொழிலாளியின் பணிக்காலம் அவருடைய வருகைப் பதிவேட்டில் மட்டும் இல்லை, ஹிஸ்டோன் வாலிலும் இருக்கிறது.

மிலான் நகரில் பெட்ரோல் பங்க் ஊழியர்களையும் போக்குவரத்துக் காவலர்களையும் பார்த்தார்கள். பென்சீன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மெத்தில் குறி குறைந்திருந்ததை 2007-இல் வெளியிட்டார்கள். அந்தக் குலைவின் சாயல் ரத்தப் புற்றில் காணப்படுவதோடு ஒத்திருந்தது. பாஸ்டனில் முதியவர்களிடம் நடந்த ஆய்வில், முந்தைய சில நாள்களில் சுவாசித்த வாகனப் புகைத் துகள்களுக்கேற்ப ரத்தத்தில் மெத்தில் குறி குறைந்திருந்தது.

உலோகங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பதும் தெளிந்துவருகிறது. குறிகளை நீக்கும் நொதிகள் சிலவற்றுக்கு நடுவில் ஓர் இரும்பு அணு வேண்டும். நிக்கல் வந்தால் இரும்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி முடங்கிவிடும். எவர்சில்வர் பற்றவைக்கும்போது எழும் புகையில் நிக்கலும் குரோமியமும் உண்டு. ஒரு தகரக் கூரைப் பட்டறைக்குள் கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டு, மூக்கை மூடாமல் வெல்டிங் வைக்கும் பையனின் நுரையீரலுக்குள் அது நேராகப் போகிறது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் உறுதிப்படுத்தியது. நிலக்கரிச் சாம்பலில் சிறு அளவில் இருக்கும் ஆர்சனிக்கின் வழி வேறு. அதை வெளியேற்றக் கல்லீரல் அதன் மேல் மெத்தில் குழுவை ஒட்டுகிறது. டிஎன்ஏவுக்கும் ஹிஸ்டோனுக்கும் மெத்தில் எங்கிருந்து வருகிறதோ, அதே இருப்பிலிருந்துதான் இதற்கும் எடுக்க வேண்டும். அந்த இருப்பு ஃபோலேட்டையும் பி12 உயிர்ச்சத்தையும் நம்பி இருக்கிறது. நல்ல உணவு கிடைக்காதவர்களை ஆர்சனிக் கூடுதலாக வாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்க்கரையின் நினைவு, கருவின் நினைவு

2023-இல் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் நடந்த தேசிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை நோயில் ஒரு விந்தை உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே சிகிச்சை. சில ஆண்டுகளில் இரு பிரிவின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனால் முன்பு கட்டுப்பாடு குறைந்திருந்தவர்களுக்குக் கண்ணும் சிறுநீரகமும் தொடர்ந்து கூடுதலாகக் கெட்டன. உடம்பு பழைய சர்க்கரையை மறக்கவில்லை. கலிபோர்னியாவில் பணியாற்றும் ரமா நடராஜனின் குழு, அந்த நோயாளிகள் சிலரின் ரத்தத்தை ஆராய்ந்து 2016-இல் விடையின் ஒரு பகுதியைக் கொடுத்தது. ஆய்வு முடிந்தபோது இருந்த மெத்தில் வேறுபாடுகள் சில, 16 ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படியே இருந்தன. சர்க்கரை வந்த முதல் நாள்களிலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இன்னும் முன்னே போனால் கர்ப்பப்பை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவானவர்களை அறுபது ஆண்டு கழித்து அவர்களுடைய சொந்தச் சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சிக்கான ஒரு மரபணுவில் பஞ்சத்தில் கருவானவர்களுக்கு மெத்தில் குறி குறைவாக இருந்தது. நம் நாட்டில், புனே அருகே ஆறு கிராமங்களில் சித்தரஞ்சன் யாக்னிக் 1993-இல் தொடங்கிய ஆய்வு இந்த வழியில் பெரும் வெளிச்சம். அங்கே குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் மெலிந்த நம் குழந்தையின் உடம்பில் தசைதான் குறைந்திருந்தது, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தாய்க்கு பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் கூடியிருந்தால், பிள்ளையின் ஆறு வயதில் இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாத நிலை கூடியிருந்தது. கர்ப்பிணிக்கு ஃபோலிக் மாத்திரை மட்டும் போதாது, பி12-ஐயும் பார்க்க வேண்டும். காணாங்கெளுத்தி, நெத்திலி, முட்டை, பால் எல்லாம் அதைத் தருபவைதான். ஆனால் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது கர்ப்பிணியின் தட்டுக்குத் துண்டு எத்தனையாவதாக வருகிறது என்று நாம் பார்க்க வேண்டும்.

சொல்லியாக வேண்டிய எச்சரிக்கைகள்

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் வடசென்னைப் பிள்ளைகள் பிறக்கும்போதே கெட்டுப்போனவர்களா?" என்று யாராவது கேட்டால் நான் கடுமையாக மறுப்பேன். பாலூட்டிகளில் இந்தக் குறிகளில் பெரும்பாலானவை தலைமுறைக்குத் தலைமுறை அழிக்கப்படுகின்றன. கரு உருவான உடனே ஒரு முறை, அந்தக் கருவுக்குள் அடுத்த தலைமுறைக்கான இனச்செல்கள் உருவாகும்போது இன்னொரு முறை. தாத்தா பட்ட புகை பேரனின் மரபணுவில் குறியாக வந்து சேர்கிறது என்பதற்கு மனிதரில் வலுவான சான்று இல்லை. ஆகவே ஊரைச் சொல்லிப் பெண்ணையோ பையனையோ தட்டிக்கழிப்பதற்கு இந்த அறிவியலில் இடம் கிடையாது.

அளவையும் நினைவில் வைக்க வேண்டும். புகையால் மாறும் குறிகள் பல இடங்களில் சில விழுக்காடுதான் மாறுகின்றன. ரத்தத்தில் பார்த்தது நுரையீரலிலும் அப்படியே இருக்க வேண்டியதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. அதனால்தான் பிரெஷாவில் போல முன்னும் பின்னும் அளப்பதும், நொதி அளவில் காரணத்தைத் தேடுவதும் தேவைப்படுகின்றன.

ஆறுதலான செய்தி ஒன்றும் இதே அறிவியலில் உண்டு. ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், புகைப்பதை விட்டவர்களுக்கு மாறியிருந்த குறிகளில் பெரும்பாலானவை ஐந்து ஆண்டுக்குள் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்பின. சில மட்டும் முப்பது ஆண்டாகியும் திரும்பவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுவதற்குத் தாமதம் என்று எதுவும் இல்லை. ஆனால் தொடங்காமல் இருப்பதற்கு ஈடும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

முதல் கோரிக்கை வேலை செய்யும் இடத்தைப் பற்றியது. பற்றவைப்பு நடக்கும் இடத்திலேயே புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய், தகுந்த முகக்கவசம், தூசி பறக்காமல் மூடிக் கொண்டுபோகும் சாம்பல், நனைத்து வெட்டும் முறை ஆகியவற்றைக் கேட்பது உயிருக்கான கேள்வி. தொழிற்சங்கங்கள் போனஸுக்கு நிற்கும் அதே உறுதியோடு இதற்கும் நிற்க வேண்டும். மூன்று நாள் வேலை ரத்தத்தில் தெரிகிறது என்ற பிரெஷா முடிவைப் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, இந்தப் பகுதிக்கு ஒரு நீண்டகால ஆய்வு வேண்டும். புனேயில் ஆறு கிராமங்களில் முப்பது ஆண்டு நடத்த முடிந்ததை இங்கேயும் நடத்தலாம். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, அருகிலேயே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தொடங்கி, வீட்டருகே காற்றை அளந்து, ஆண்டுக்கு ஆண்டு பிள்ளையைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்கு இதைவிடத் தகுந்த இடம் சென்னையில் இல்லை. அதில் இரண்டு நிபந்தனைகளை மக்கள் விதிக்க வேண்டும். ரத்தம் கொடுத்தவருக்கு அதன் முடிவு அவருக்குப் புரியும் தமிழில் திரும்பி வர வேண்டும். அந்த முடிவு எந்த முதலாளியின் கைக்கும் போகக் கூடாது. குறிகளை அளப்பது காற்றைச் சுத்தமாக்க; ஆளைக் கழித்துக்கட்ட அல்ல. இதில் விட்டுக்கொடுத்தால், நம் ரத்தமே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

மூன்றாவது, இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு. இந்திய அறிவியல் அகாடமிகள் ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களுக்குக் கோடைகால ஆய்வு உதவித்தொகை கொடுக்கின்றன. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் குரோமாட்டின் ஆய்வகங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் போடுங்கள். வெல்டிங் பட்டறையின் புகை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வீசும், மாவா எந்தக் கடையில் எந்தப் பெயரில் விற்கும், எந்தத் தெருவில் குழந்தைகளுக்கு இழுப்பு அதிகம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அது தெரிய ஆண்டுகள் ஆகும். நல்ல ஆய்வு நல்ல கேள்வியில் தொடங்குகிறது, அந்தக் கேள்விகள் உங்கள் கையில் இருக்கின்றன.

மரபணுவின் எழுத்தைத் தாயும் தந்தையும் தந்தார்கள், அதை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் மேல் விழும் குறிகளில் பல பட்டறையிலும் பெட்டிக்கடையிலும் சமையலறையிலும் மகப்பேறு வார்டிலும் முடிவாகின்றன. அந்த இடங்களில் எல்லாம் சட்டம் போடலாம், சங்கம் கூட்டலாம், வீட்டுக்குள் பேசித் திருத்தலாம். அறிவியல் தன் பங்குக்கு இடத்தைக் காட்டிவிட்டது. அங்கே போய் நிற்க வேண்டியது நாம்.